எட்டு டம்ளரும் ஒரு அரியர் பேப்பரும்

"இடமாப் போனா எவ்ளோங்க?" என்று கேட்டாள் சுமதி.

சமையலறைத் தரையில் எட்டு எவர்சில்வர் டம்ளர்களை வட்டமாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் எண் எழுதிய காகிதத் துண்டு, ஒன்று முதல் எட்டு வரை. ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, பெருங்காய வாசனை மூக்கைத் துளைத்தது. நாற்பத்தைந்து வயது மனிதன் ஒருவன் டம்ளர்களுக்கு எதிரே சப்பணம் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். வேறு யார், நான்தான்.

"இடமா யாரு போவாங்க?" என்றேன்.

சத்தியமாக எனக்குக் கேள்வி புரியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது தேரடிப் பக்கம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கிரிவலமாக மலையைச் சுற்றுகிறேன். கோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் இந்திர லிங்கம் முதல், ஈசான்ய லிங்கம் எட்டாவது, அப்புறம் வீடு. மலை எப்போதும் வலது கைப்பக்கம். இடமாகச் சுற்றி வந்த ஒருத்தரை இந்த வயது வரை நான் பார்த்ததில்லை.

சுமதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பத்திரிகையில் இருந்த பட்டம்

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த கதையைப் போன வாரம் சொன்னேன். அந்த வீட்டுப் பீரோவில் எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்கிறது. மஞ்சள் தடவிய ஓரம் வெளுத்துப்போய்விட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. மணமகன் ஏழுமலை, அடுத்து பி.எஸ்சி. (கணிதம்) என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

அது பொய்.

கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன், அது நிஜம். எல்லாப் பேப்பரும் பாஸ், ஒன்றைத் தவிர. கணங்கள், தொடர்புகள், இயற்கணிதம் எல்லாம் கலந்த பேப்பர் அது. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் போச்சு. அதற்குள் பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதியிருந்த பரீட்சையில் தேறி, அரசாங்க ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை வந்துவிட்டது. சம்பளம் வர ஆரம்பித்ததும் அரியர் மறந்துபோனது. மறந்துபோனது என்று சொல்வதுகூடத் தப்பு. நினைவு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

கல்யாணம் பேசும்போது அண்ணன்தான் பி.எஸ்சி. என்று எழுதிக்கொடுத்தான். "ஒரே ஒரு பேப்பர்தானேடா, எழுதிடப் போற" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நம் ஊரில் பத்திரிகையில் பேருக்குப் பக்கத்தில் பட்டம் போடாவிட்டால் ஏதோ உடுப்பு போடாமல் மேடை ஏறின மாதிரி நினைப்பார்கள். சும்மா ஒரு அலங்காரம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று தெரிந்துகொள்ளப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஒட்டிய போட்டோ

ஆபீஸில் டீ குடிக்கும்போதுதான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறதாம். இதிலும் தவறினால் அவ்வளவுதான், முன்னால் பாஸ் செய்த பேப்பர்களும் சேர்ந்து காலாவதி. செய்தி வந்த பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க ஒரு ஃபைலும் நகரவில்லை.

ரகசியமாகப் பணம் கட்டினேன். ரகசியமாகப் படிக்கவும் பார்த்தேன். எங்கள் மகள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய பழைய பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பரணில் இருந்தது. தொடர்புகள் பாடம் அதில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுத்து, நாலு பக்கம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் சுமதியிடம் சொல்லிவிட்டேன். தைரியம் வந்து சொல்லவில்லை, இனிமேல் ஒளித்து வைக்க முடியாது என்று பயந்து சொன்னேன்.

"அப்போ பத்திரிகையில போட்டது?"

"அண்ணன்தான் அப்ப..."

"நான் உங்களக் கேட்டேன்."

"பொய்தான்" என்றேன்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"பிளஸ் டூவுல கணக்குல எங்க ஸ்கூல்லயே நான்தான் ஃபர்ஸ்ட். தெரியும்ல?"

தெரியும். மாமனார் அதைப் பெண் பார்க்கப் போன அன்றே பெருமையாகச் சொன்னார்.

"காலேஜ் ஃபார்ம் வாங்கி எழுதி வச்சிருந்தேன். போட்டோகூட ஒட்டிட்டேன். அப்பா வந்து, மாப்பிள்ளையே கணக்கு டிகிரிமா, கல்யாணம் ஆனதும் அவரே உன்னப் படிக்க வச்சிடுவாருன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரின்னேன்."

எனக்கு இது புதிது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவையும் அந்த ஃபார்மைப் பற்றிச் சொன்னதில்லை. நானும் உனக்குப் படிக்க ஆசை இருந்ததா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் என் அரியர் வெளியே வரும் என்ற பயம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கிரிவலப் பாதை மேலேயே இருக்கிற அடி அண்ணாமலைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் பண்ணினால் எடுக்கவில்லை. மாமனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை. மூன்று நாள் நானே சோறு வடித்து, குழைய விட்டு, தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் மதியம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றின கையோடு கேட்டாள்.

"எங்க அந்தப் புக்கு?"

கொடுத்தேன்.

"நீங்க ஃபெயில் ஆயிட்டா, நான் படிக்காமப் போனதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அதுக்காகத்தான் வந்தேன். வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

நான் வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

மூன்று கேள்விகள்

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது சுலபமான விஷயம். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

எண்களுக்குள் ஒரு உறவைச் சொல்லிவிடுவார்கள். "இது அதைவிடப் பெரிது" என்பது ஒரு உறவு. "இது அதை மீதியில்லாமல் வகுக்கும்" என்பது இன்னொன்று. அதனிடம் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தன்னோடேயே அந்த உறவு உண்டா? இதற்கு அதோடு உறவு என்றால், அதற்கும் இதோடு உறவு உண்டா? முதலாவதுக்கு இரண்டாவதோடும், இரண்டாவதுக்கு மூன்றாவதோடும் உறவு என்றால், முதலாவதுக்கு நேரே மூன்றாவதோடு உறவு உண்டா? தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று புத்தகத்தில் பேர். மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் சமானத் தொடர்பு.

என் வியாதி என்னவென்றால், இரண்டு மூன்று எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஆமாம்" என்று எழுதிவிடுவேன். இரண்டு தடவை ஃபெயில் ஆனதன் ரகசியம் அதுதான். சுமதி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ரெண்டு எண்ணப் பெருக்கினா பூஜ்யத்தவிட ஜாஸ்தி வரணும். அப்படி வந்தா அதுங்களுக்குள்ள உறவு. எல்லா முழு எண்ணுக்கும் தன்னோடயே உறவு இருக்கா?" என்றாள்.

நான் கடகடவென்று போட்டேன். இரண்டை இரண்டால் பெருக்கினால் நாலு. மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கினால் ஒன்பது. "இருக்கு" என்றேன்.

"பூஜ்யத்தக் கேட்டீங்களா?"

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான். பூஜ்யத்தைவிட ஜாஸ்தி இல்லை. உறவு இல்லை.

"அது ஒண்ணுதானே" என்று முணுமுணுத்தேன்.

"ஒருத்தர விட்டுட்டு எல்லாரும்னு சொல்றது உங்களுக்கு நல்லா வருது" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அந்த நாட்களில் அவள் பேச்சில் பாதி கணக்கு, பாதி எனக்கு.

அவள் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதிவைக்க ஆசையாக இருக்கிறது. "ஆமாம்னு எழுதணும்னா ஒருத்தரையும் விடாமக் கேளுங்க. இல்லைன்னு எழுதணும்னா ஒரே ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க, போதும்." பதினெட்டு வயதில் படித்ததை இருபது வருஷம் கழித்து, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, இவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். எங்கள் பேராசிரியர் ஒரு வருஷம் முழுக்கக் கரும்பலகையில் எழுதியும் எனக்குள் போகாதது அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அது என் படிப்புக்குக் கிடைத்த பாக்கியம் என்றுதான் சொல்வேன்.

அது எங்க ஊருக்கு ரோடு

இப்போது டம்ளருக்கு வருகிறேன்.

என் பழைய கைடில் இருந்த கணக்கு அது. ஒரு வட்டத்தில் சம தூரத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள். ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்கு வலமாகப் போகும் தூரம், இடமாகப் போகும் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் உறவு உண்டு. இது கடப்புத் தொடர்பா?

எட்டு என்றதும் எனக்கு எட்டு லிங்கம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதுவரைக்கும் சரி. வலமாகப் போனால் ஒன்றுக்கு அப்புறம் மூன்று வரும், மூன்றுக்கு அப்புறம் ஆறு வரும், ஆகவே ஒன்றுக்கு அப்புறம் ஆறும் வரும். கடப்பு உண்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டேன். இடமாகப் போகும் தூரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே மனதில் தோன்றவில்லை.

அப்போதுதான் சுமதி டம்ளர்களை எடுத்து வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். இடமாக யார் போவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டதும் என்னைப் பார்த்தாளே, அது இந்த இடம்தான்.

"நாங்க போவோம்" என்றாள். "டவுன்காரங்களுக்குத்தான் அது கிரிவலம். எங்க ஊருக்கு அது ரோடு. எங்க வீட்லருந்து ஸ்கூலுக்குத் தெனமும் இடமாத்தான் போவேன். ரைஸ் மில்லு வலமா, ஸ்கூலு இடமா. எது பக்கமோ அப்படிப் போறதுதான். ஸ்கூலுக்கு வலமாப் போவணும்னா மலையையே சுத்திக்கினு வரணும், மத்தியான பெல்லு அடிச்சிடும்."

"பௌர்ணமிக்கு?"

"பௌர்ணமிக்கு வலமாத்தான். ஆனா எங்க வீட்லருந்து கிளம்பினா வாயு லிங்கம்தான் எங்களுக்கு மொதல்ல. உங்க எட்டுக்கு அப்புறம் ஒண்ணு வரும். நீங்க முடிக்கிற எடத்துல நாங்க பாதிகூட வந்திருக்க மாட்டோம்."

நான் டம்ளர்களைப் பார்த்தேன். எட்டாம் டம்ளருக்குப் பக்கத்தில் ஒன்றாம் டம்ளர் இருந்தது. முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

"இப்ப ஒண்ணுலருந்து ஆறுக்கு எண்ணுங்க."

வலமாக எண்ணினேன், ஐந்து. இடமாக எண்ணினேன். விரல் பின்பக்கம் போக மறுத்தது, நிஜமாகவே கொஞ்சம் கூசியது. எட்டு, ஏழு, ஆறு. மூன்று.

"எது கம்மி?"

"இடம்தான் கம்மி."

"அப்போ ஒண்ணுக்கும் ஆறுக்கும் உறவு?"

"இல்ல."

"கடப்பு?"

"இல்ல" என்று சொல்லி, போட்ட இரண்டு கோட்டையும் அடித்தேன்.

சுமதி சிரித்துவிட்டாள். அடி அண்ணாமலையிலிருந்து திரும்பி வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சாம்பார் அடிப்பிடித்த வாசனை வந்ததும் எழுந்து ஓடினாள். கரிந்த சாம்பாரை அன்று நான் இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றிச் சாப்பிட்டேன்.

பரீட்சை ஹால்

பரீட்சை அன்று என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. முன் பெஞ்சில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தேடிச் சலித்துப்போய், கடைசியில் கழுத்திலேயே தொங்குவதைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தொடர்புகளில் ஒரு பெரிய கேள்வி. இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலன் பூஜ்யமாகவோ அதைவிட அதிகமாகவோ இருந்தால் உறவு. இது சமானத் தொடர்பா? சுமதி கேட்ட கணக்குக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் அதுவே இல்லை. இந்தத் தடவை பூஜ்யத்துக்குத் தன்னோடு உறவு உண்டு. எல்லா எண்ணுக்கும் உண்டு. முதல் கேள்விக்கு ஆமாம். திருப்பிப் பெருக்கினாலும் அதே விடைதான், இரண்டாவதுக்கும் ஆமாம். மூன்றாவதுக்கும் கை தானாக ஆமாம் எழுதப் போயிற்று.

பேனாவை மூடிக் கீழே வைத்தேன். எல்லாரையும் கேட்டேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பூஜ்யத்தை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். மைனஸ் ஒன்றுக்குப் பூஜ்யத்தோடு உறவு உண்டு. பூஜ்யத்துக்கு ஒன்றோடு உறவு உண்டு. மைனஸ் ஒன்றையும் ஒன்றையும் நேரே பெருக்கினால் மைனஸ் ஒன்று. உறவு இல்லை. கடப்பு இல்லை, ஆகவே சமானத் தொடர்பும் இல்லை.

எழுதி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. மேற்பார்வைக்கு வந்த இளம் பெண் "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ் மார்க்குக்கு மேல் கொஞ்சம்தான், ஆனால் பாஸ். போனில் ரிசல்ட் பக்கம் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று. சுமதிதான் முதலில் பார்த்தாள். மேலிருந்து கீழே வரைக்கும் படித்துவிட்டு, "இப்பத்தான் நீங்க பத்திரிகையில இருக்கிற ஆளு" என்றாள்.

மூன்று பத்தி

இப்போது சுமதி தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். நான் சேர்த்துவிட்டேன் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபார்மை அவளே எழுதினாள். போட்டோவை அவளே ஒட்டினாள். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். வகுப்பு இருக்கிற நாட்களில் வண்டியில் கொண்டுபோய் விடுவதும், சோறு குழையாமல் வடிப்பதும் என் வேலை. முதல் இன்டர்னலில் அவள் வாங்கின மார்க்கை இங்கே சொன்னால் என் மானம் போகும்.

வாழ்க்கையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். இந்தத் தொடரில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் என்னால் ஒன்றை இழந்தவளே, என்னிடம் இல்லாததை எனக்குக் கொடுத்தாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனசு நிறைந்திருக்கிறது. குறுகுறுப்பும் கூடவே இருக்கிறது.

இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பொய் சொன்ன இடத்தை அவள் எடுக்கச் சொல்வாளோ என்று நினைத்தேன். "அது இருக்கட்டும்" என்றாள். டம்ளர், சாம்பார், போட்டோ எல்லாம் இருக்கட்டும் என்றாள். இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் நான் மூன்று பத்தி எழுதியிருந்தேன். மூன்றாவது பத்தியில், அவள் காலேஜ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிய அன்று என் மேல் இருந்த கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன்.

சுமதி பேனாவைக் கேட்டாள். அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்தாள்.

"தீரலையா?" என்றேன்.

"இன்னும் இல்லீங்க" என்றாள். "தீர்ந்தா நானே சொல்றேன், அப்ப எழுதுங்க."

சரி என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் வண்டியை எடுக்கப் போனேன்.